பெரிய கடைகள் லாபக் கணக்கைப் பொதுவில் வைக்கச் சட்டம் வேண்டுமா?

பூங்கோதை (சென்னை)

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. கணக்குப்படி 40 ரூபாய் சோப்பு 35 ரூபாய் 60 காசுக்கு வர வேண்டும். சில கடைகளில் வந்தது. சில கடைகளில் "பழைய ஸ்டாக்" என்றார்கள். சில இடங்களில் ஏற்கெனவே கொடுத்துவந்த தள்ளுபடியை எடுத்துவிட்டு அதே விலைக்கு விற்றார்கள்.

வரி குறைந்தால் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கவனிக்க 2017இல் தனி ஆணையம் வைத்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வேலை போட்டி ஆணையத்திடம் (வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்பு) போனது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அதாவது, இவ்வளவு பெரிய வரிக்குறைப்பு வந்தபோது அதைச் சோதிக்க இருந்த கதவு மூடியிருந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், அவ்வளவுதான்.

அதனால் எனக்குத் தோன்றுவது இது: வருடத்துக்கு 100 கோடிக்கு மேல் விற்கும் எந்தக் கடையாக இருந்தாலும், அதன் விற்பனை, கொள்முதல், லாபம் மூன்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். விலையை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டாம். கணக்கைக் காட்டினால் போதும். என்ன சொல்கிறீர்கள்?

நெல்லைக்கடை (பாளையங்கோட்டை)

மேடம், நான் மளிகை வைத்திருப்பவன். உங்கள் 100 கோடிக்கும் எனக்கும் ஏழு கடல் தூரம். ஆனாலும் எதிர்க்கிறேன்.

இந்த வரம்பெல்லாம் நிற்கவே நிற்காது. இ-இன்வாய்ஸ் (மின்னணு பில்) கொண்டுவந்தபோது 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். அப்புறம் 100, 50, 20, 10. 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. மூன்று வருடம்கூட ஆகவில்லை.

அடுத்தது, லாபம் வெளியே தெரிந்தால் அதைப் பார்க்க முதலில் வருவது வாடிக்கையாளர் இல்லை. கட்டடக்காரர் வருவார், வாடகையை ஏற்ற. பின்னாலேயே ரசீதுப் புத்தகத்தோடு கட்சிக்காரர்கள் வருவார்கள். கோயில் கொடைக்குப் போன வருடம் எழுதிய தொகையை இந்த வருடம் எழுதினால் முகத்தைச் சுளிப்பார்கள். சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வியாபாரம் நன்றாகப் போகிறதா என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்று நாங்கள் சொல்வது சும்மா இல்லை.

மார்ஜின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, எண்ணெய், மாவில் கையில் நிற்பது சொற்பம். பிஸ்கட், சோப்பில் எட்டு, பத்து சதவீதம். அதிலிருந்துதான் பையன் சம்பளம், கரண்ட், எலி கடித்த மூட்டை, தேதி முடிந்த பாக்கெட், கடன் சொல்லிவிட்டு வீடு மாறிப் போனவர் எல்லாம். இதைப் பொதுவில் போட்டு என்ன காணப்போகிறோம்?

கணக்குப்பிள்ளை (கோவை)

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், இன்றைய நிலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் இல்லாத சட்டத்தைக் கேட்கிறார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை எதிர்க்கிறார்கள்.

கடை பிரைவேட் லிமிடெட்டாகவோ லிமிடெட்டாகவோ இருந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 137ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு வருடமும் ஏ.ஓ.சி.-4 படிவத்தில் பேலன்ஸ் ஷீட் (சொத்து, கடன் கணக்கு), லாப நட்டக் கணக்கு இரண்டையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பங்குச்சந்தையில் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இலவசமாகவே. எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவனம்) என்றால் படிவம் 8, அதிலும் கணக்கு உண்டு.

கடை பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் கதை வேறு. 1932ஆம் வருடத்துச் சட்டம். பதிவு செய்தால் பங்குதாரர்களின் பெயர், முகவரி, எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவேட்டில் இருக்கும். கணக்கு இருக்காது. தனிநபர் கடை என்றால் அதுவும் இல்லை. வருமான வரி, ஜி.எஸ்.டி. அலுவலகங்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

ஆக, பத்து லட்சத்துக்கு விற்கும் ஒரு பெட்டிக்கடையை யாராவது பிரைவேட் லிமிடெட்டாக நடத்தினால் அதன் லாபம் பொதுவில் இருக்கும். பல மாடிக் கடையைக் குடும்பமாகப் பார்ட்னர்ஷிப்பில் நடத்தினால் ஒரு பைசா தெரியாது. அளவைப் பார்க்காமல் பெயர்ப்பலகையைப் பார்க்கிற சட்டம். பூங்கோதை மேடம் கேட்பதில் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான் என்பது என் கருத்து.

தென்றல்77

"இல்லாத சட்டத்தைக் கேட்கிறார்கள், இருக்கும் சட்டத்தை எதிர்க்கிறார்கள்." இதை எடுத்து இந்த தளத்தின் முகப்பில் மாட்டலாம் :)

பூங்கோதை (சென்னை)

கணக்குப்பிள்ளை சார், நன்றி. 100 ரூபாய்க்குப் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியாது.

டிமார்ட் சூப்பர்மார்க்கெட்டின் கணக்கு இலவசமாகவே கிடைக்கிறது. 2023-24இல் விற்பனை 50,789 கோடி, வரிக்குப் பிந்தைய லாபம் 2,536 கோடி. நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மற்றவர்கள் மறைப்பது ஏன்? குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் காட்டிவிட்டுப் போகலாமே. நெல்லைக்கடை அண்ணாச்சி சொல்கிற ரசீதுப் புத்தகத் தொல்லையும் அப்போது குறையும்தானே?

நெல்லைக்கடை (பாளையங்கோட்டை)

குறையாது மேடம். "நூற்றுக்கு ஐந்து" என்று யாரும் படிக்க மாட்டார்கள். "2,536 கோடி" என்றுதான் படிப்பார்கள்.

ஸ்கார்பரோவாசி (ரொறன்ரோ)

இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

கனடாவில் பெரிய பலசரக்குச் சங்கிலிகள் மூன்று: லோப்லோ, சோபீஸ், மெட்ரோ. மூன்றும் பங்குச்சந்தையில் கணக்கு வைப்பவை. 2022இல் மூன்றும் சேர்ந்து 100 பில்லியன் டொலருக்கு மேல் விற்று 3.6 பில்லியனுக்கு மேல் லாபம் எடுத்தன. எல்லாம் பகிரங்கம். சனத்தின் கோபம் குறைந்ததா? இல்லை. 2023 மார்ச்சில் மூன்று நிறுவனத் தலைவர்களையும் நாடாளுமன்ற விவசாயக் குழு கூப்பிட்டுக் கேட்டது. சாப்பாட்டுச் சாமானில் நாங்கள் கூட எடுக்கவில்லை, மருந்திலும் அழகுசாதனத்திலும்தான் லாபம் கூடியது என்றார்கள். லோப்லோவிடம் ஷாப்பர்ஸ் மருந்தகமும் இருக்கிறது, ஆகவே அது பொய்யென்றும் சொல்ல ஏலாது, மெய்யென்றும் சொல்ல ஏலாது. மொத்த லாபத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாலில் எவ்வளவு, லிப்ஸ்டிக்கில் எவ்வளவு என்று யார் பிரிப்பது?

அந்த ஜூனில் போட்டி ஆணையகம் அறிக்கை விட்டது. சாப்பாட்டுச் சாமானின் மொத்த மார்ஜின் 2017க்குப் பிறகு ஒன்று, இரண்டு சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது என்றார்கள். சின்னதாகத் தெரியும், ஆனால் அவ்வளவு பெரிய விற்பனையில் அது நிறையக் காசு. அதற்குள்ளேயும் ஒரு சிக்கல், கம்பெனிகளைக் கட்டாயப்படுத்திக் கணக்கு வாங்க அந்த ஆய்வில் ஆணையகத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. 2023 டிசம்பரில்தான் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரம் கொடுத்தார்கள்.

இன்னொன்று, பாண் (ரொட்டி) விலை. 2001 தொடக்கம் பல வருடமாகப் பாண் விலையைக் கூடிப் பேசி ஏற்றிவந்தார்கள். அந்த வருடங்கள் முழுக்க லோப்லோவின் கணக்கு ஊர் பார்க்க வெளியே கிடந்தது. ஒரு ஆய்வாளரோ ஒரு பத்திரிகையோ அதை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. 2015இல் லோப்லோவும் அதன் தாய் நிறுவனமும் தாங்களே போய் ஒப்புக்கொண்டு வழக்கிலிருந்து விலக்கு வாங்கின. 2017 டிசம்பரில்தான் எங்களுக்குத் தெரியும். ஆளுக்கு 25 டொலர் அட்டை கொடுத்தார்கள். லாபக் கணக்கை வெளியே வைத்தால் களவு பிடிபடும் என்று நினைக்கிற ஆட்களுக்கு இந்தப் பாண் கதையைத்தான் நான் சொல்வது.

தறிக்காரன் (சென்னிமலை)

எல்லோரும் வாங்குகிறவர் பக்கம் நின்று பேசுகிறீர்கள். சரக்குக் கொடுக்கிறவன் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

நான் போர்வை, துண்டு நெய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். பெரிய கடையின் கொள்முதல் ஆள் உட்காரவைத்து நூல் என்ன கவுண்ட், கிலோ என்ன விலை, கூலி எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு என் அடக்கவிலையை என்னைவிடத் துல்லியமாகக் கணக்குப் போட்டுவிடுவார். கடைசியில், "உங்களுக்கு இதில் இவ்வளவு நிற்கும், போதும்" என்பார். அவர் கடையில் அந்தப் போர்வைக்கு என்ன விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்பதைப் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஆடித் தள்ளுபடி போக, வாடகை போக, அவர்களுக்கு என்ன நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது. என் சட்டைப்பையை அவர் எண்ணலாம், அவருடையதை நான் பார்க்கக்கூடாது.

அதுகூடப் பரவாயில்லை. பணம் எப்போது வரும் என்பதுதான் பெரிய விஷயம். தொண்ணூறு நாள் என்பார்கள், நூற்றிருபது ஆகும். தீபாவளிக்கு எடுத்த சரக்கில் விற்காததைப் பொங்கலுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதையும் கழித்துக்கொண்டுதான் செக். அந்தக் கடை நன்றாக இருக்கிறதா, கடனில் ஓடுகிறதா என்று தெரிந்தால், கொடுப்பதா நிறுத்துவதா என்று நான் முடிவு செய்யலாம்.

அதனால் என் ஓட்டு "ஆம்". ஆனால் லாபத்தைவிட அவர்கள் யாருக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைப் போடச் சொல்லுங்கள்.

மதுரைமல்லி

பேச்சோடு பேச்சாக நகைக்கடைக்கும் வாருங்கள். உலகத்திலேயே வெளிப்படையான விலை தங்கத்துக்குத்தான். காலையில் பேப்பரில் கிராம் விலை வந்துவிடுகிறது. எல்லாக் கடையும் அதே விலை. ஆனால் லாபம் எங்கே இருக்கிறது? சேதாரத்தில். ஒரே மாடல் ஆரத்துக்கு ஒரு கடையில் ஒரு சதவீதம், எதிர்க்கடையில் இன்னொரு சதவீதம். பேசினால் குறையும், பேசாமல் நின்றால் குறையாது.

எங்கள் ஊர்த் தங்கமயில் 2010இலிருந்து பங்குச்சந்தையில் இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை லாபம் எவ்வளவு என்று வெளியே வருகிறது. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிற யாராவது அதைப் படித்துவிட்டுப் போய்ச் சேதாரம் பேசி நான் பார்த்ததில்லை. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போவோம். அவர்தான் எங்கள் ஆடிட்டர்.

கணக்குப்பிள்ளை (கோவை)

பெரியம்மாவுக்கு ஃபீஸ் கிடையாது, அதுதான் எங்கள் தொழிலுக்குப் போட்டி.

ஈஸ்ட்ஹாம்_தமிழன் (லண்டன்)

இங்கே எல்லாக் கம்பெனிக் கணக்கும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசம். ஆல்டி, லிடில்கூட இங்கே பங்குச்சந்தையில் இல்லை, ஆனால் கணக்கு இருக்கிறது. சிறு கம்பெனிகள் மட்டும் லாப நட்டக் கணக்கை விட்டுவிட்டு பேலன்ஸ் ஷீட்டைச் சுருக்கமாக வைக்கலாம். நம் ஆட்களின் கடைகள் பெரும்பாலும் அந்த வகை. நெல்லைக்கடை அண்ணன் பயப்படும் வாடகைப் பிரச்சினைக்கு அந்த ஏற்பாடு ஓரளவு பதில்.

ஆனால் ஸ்கார்பரோவாசி அண்ணை சொன்னதுதான் இங்கேயும். 2023இல் விலைவாசி எகிறியபோது சூப்பர்மார்க்கெட் எல்லாம் பேராசைக்காரர்கள் என்று ஒரே பேச்சு. போட்டி மற்றும் சந்தை ஆணையம் உள்ளே போய்ப் பார்த்தது. மளிகையில் 2022-23இல் அவர்களின் சராசரி செயல்பாட்டு லாபம் 3.2 சதவீதத்திலிருந்து 1.8க்கு விழுந்திருந்தது. ஊர் பேசியதற்கு நேர்மாறு. அதே ஆணையம் அதே மாதம் பெட்ரோலையும் பார்த்தது. அங்கே 2019க்கும் 2022க்கும் இடையில் சூப்பர்மார்க்கெட்டுகளின் பெட்ரோல் பங்க்குகளின் மார்ஜின் லிட்டருக்குச் சராசரியாக 6 பென்ஸ் கூடியிருந்தது. வண்டி ஓட்டுகிறவர்களிடம் 2022இல் மட்டும் 900 மில்லியன் பவுண்ட் கூடுதலாகப் போயிருக்கிறது. ஆய்வுக்குக் கேட்ட தகவலைச் சரியாகத் தராததற்கு ஆஸ்டாவுக்கு 60,000 பவுண்ட் அபராதமும் போட்டார்கள்.

இரண்டுமே அதே கடைகள்தான். வருடக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் மளிகையில் குறைந்ததும் பெட்ரோலில் கூடியதும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். கேட்டு வாங்கும் அதிகாரம் உள்ள ஒரு அமைப்பு, பொருள்வாரியாகப் பார்த்து, முடிவை வெளியிட வேண்டும். அதுதான் வேலை செய்கிறது.

பூங்கோதை (சென்னை)

நம் ஊரில் அப்படிப்பட்ட அமைப்பைத்தானே மூடிவிட்டார்கள்! ஆரம்பத்தில் நான் சொன்னது அதுதான். கேட்டு வாங்க ஆள் இல்லாதபோது, பொதுவில் வைக்கச் சொல்வதைவிட என்ன வழி?

கணக்குப்பிள்ளை (கோவை)

அந்த ஆணையம் இருந்தபோதும் சுகமாக ஓடவில்லை மேடம். ஒவ்வொரு பொருளுக்கும் வரிக்குறைப்புக்கு முன் சராசரி விலை, பின் சராசரி விலை என்று கணக்குப் போட்டு, வித்தியாசத்தைக் கட்டச் சொன்னார்கள். மூலப்பொருள் விலை ஏறியிருந்தால் என்ன செய்வது, பாக்கெட்டில் கிராம் கூட்டிக் கொடுத்தால் ஏற்பதா என்று ஒரே இழுபறி. 2018 டிசம்பரில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் மீது 383 கோடிக்கு உத்தரவு வந்தது, நீதிமன்றத்துக்குப் போனது. வரிசையாக எல்லோரும் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். 171ஆம் பிரிவு செல்லும் என்று 2024 ஜனவரியில்தான் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று தெரிந்த அடுத்த வருடமே புகார் வாங்குவதை நிறுத்தியாயிற்று.

மருந்துச்சீட்டு (திருச்சி)

எங்கள் தொழிலில் கடைக்காரரின் மார்ஜினே சட்டத்தில் எழுதியிருக்கிறது. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அட்டவணையில் உள்ள மருந்துக்கு உச்சவிலை கணக்கிடும்போது சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் சேர்த்துத்தான் போடுவார்கள். ரகசியமே கிடையாது.

ஆனால் அட்டவணைக்கு வெளியே வாருங்கள். "எல்லா மருந்துக்கும் 20 சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு வைத்த கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஜெனரிக் மருந்தில் அட்டைக்கு மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி. ஒன்று, கடைக்கு வரும் விலை அதில் கால்வாசிகூட இருக்காது. தள்ளுபடி கொடுத்த பிறகும் மிச்சம் ஏராளம். நோயாளி சந்தோஷமாகப் போவார்.

2018இல் மருந்து விலை ஆணையம் டெல்லிப் பக்கத்து நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களைப் பார்த்து அறிக்கை வெளியிட்டது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை. ஊசி, சிரிஞ்சு, கையுறை மாதிரிப் பொருட்களும் அந்தக் கணக்கில் உண்டு. அந்த மருத்துவமனைகளின் வருட லாபத்தை மட்டும் நீங்கள் பார்த்திருந்தால் "பரவாயில்லை, சுமாரான லாபம்தான்" என்று நினைத்திருப்பீர்கள். எம்.ஆர்.பி. என்ற ஒன்று இருக்கும்வரை கடைக்காரரின் வருட லாபத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு ஒன்றும் விளங்காது. வாங்கிய விலையை பாக்கெட்டில் அச்சிடச் சொன்னால் விளங்கும். அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டோம், நான் உட்பட.

ஆற்றங்கரை

பொருளாதாரம் படிக்கிறேன். டென்மார்க்கில் நடந்த ஒன்றைப் பாடத்தில் படித்தோம். சில்லறைக் கடை இல்லை, ரெடிமிக்ஸ் கான்கிரீட். ஆனாலும் இங்கே பொருந்தும். 1993இல் அந்த நாட்டுப் போட்டி ஆணையம், கம்பெனிகள் உண்மையில் என்ன விலைக்கு விற்கின்றன என்பதை வெளியிட ஆரம்பித்தது. வாங்குகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், விலை குறையும் என்பது எண்ணம். ஒரு வருடத்துக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறிவிட்டது.

அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் போட்டிக்காரனுக்குத் தெரியாமல் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தது. விலை வெளியே வந்ததும் யார் எவ்வளவு குறைக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் குறைத்தால் மறுநாளே மற்றவரும் குறைப்பார், பிறகு குறைத்து என்ன பயன்? யாரும் குறைக்கவில்லை.

ஊரில் இரண்டே பெரிய கடை இருக்கும் இடத்தில் மார்ஜினைப் பொருள்வாரியாகப் பொதுவில் வைத்தால் இதே கதை நடக்கலாம். வாடிக்கையாளரைவிட எதிர்க்கடைக்காரர்தான் அதைக் கவனமாகப் படிப்பார்.

தறிக்காரன் (சென்னிமலை)

தம்பி, அவர்கள் ஏற்கெனவே படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு கடைக்கு நான் கொடுக்கும் விலை எதிர்க்கடைக்கு அன்று சாயங்காலமே தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

கணக்குப்பிள்ளை (கோவை)

லாபம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். மன்னிக்கவும், இது என் தொழில்.

குடும்பம் நடத்தும் பெரிய கடையில் லாபம் என்பது கடைசியில் மிஞ்சுவது. எதற்கு முன்னால் எதைக் கழித்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடை இருக்கும் கட்டடம் அப்பா பெயரில் இருக்கும். கடை அவருக்கு வாடகை கொடுக்கும். கடையின் பெயர் அம்மா பெயரில் டிரேட்மார்க்காகப் பதிவாகியிருக்கும், அதற்கு ராயல்டி. சூரத்திலிருந்து சேலை வாங்கித் தருவதற்கு மருமகன் பெயரில் தனி நிறுவனம், அவருக்கு நடுவில் ஒரு மார்ஜின். நியாயமான விலையைத் தாண்டினால் வருமான வரி அதிகாரி கேட்கலாம். தாண்டாதவரை எல்லாம் சட்டப்படிதான். கடைசியில் கடைக் கணக்கில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் லாபம் நிற்கும். அதைப் பொதுவில் போட்டால் வாடிக்கையாளர், "பாவம், எவ்வளவு குறைவாக எடுக்கிறார்கள்" என்று இன்னும் இரண்டு சேலை எடுப்பார்.

இதே கம்பெனியாக இருந்தால், சொந்தபந்தங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலைத் தனியாக ஒரு குறிப்பில் எழுத வேண்டும். லாபத்தைவிட நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இரண்டாவது பார்ப்பது தறிக்காரன் அண்ணன் கேட்டது. 2021 ஏப்ரலிலிருந்து, சரக்குக் கொடுத்தவர்களுக்கு உள்ள பாக்கியை ஒரு வருடத்துக்குள், ஒன்று முதல் இரண்டு வருடம், இரண்டு முதல் மூன்று, அதற்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு உள்ள பாக்கி தனி வரியில் வரும். இது பொதுவில் வருவது கம்பெனிகளுக்கு மட்டும். பார்ட்னர்ஷிப் கடையில் எதுவுமே வெளியே வராது.

ஆகவே சட்டம் கேட்பதென்றால் நான் "லாபத்தை வெளியிடு" என்று கேட்க மாட்டேன். குறிப்பிட்ட விற்பனைக்கு மேல் போனால் எந்த வடிவத்தில் கடை நடத்தினாலும் கம்பெனி தாக்கல் செய்வதை நீயும் செய் என்று கேட்பேன்.

தென்றல்77

பாக்கி விஷயத்துக்கு சுபிக்ஷா ஒன்றே போதும். 1997இல் சென்னையில் ஆரம்பித்தது, 2008இல் நாடு முழுக்க 1,600 கடை என்று போனது. நம் தெருமுனையில் அதன் போர்டைப் பார்த்தவர்கள் பலர் இங்கே இருப்பீர்கள். 2009 தொடக்கத்தில் எல்லாம் ஷட்டர் போட்டுக்கிடந்தது. சம்பளம், வாடகை, சரக்குக் கொடுத்தவர் பாக்கி எல்லாம் நின்றது. ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் மாதிரி பெரிய முதலீட்டாளர்களே உள்ளே இருந்த கம்பெனி அது. 2012இல் உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. வளர்ந்துகொண்டே இருக்கும் கடையைப் பார்த்தால் லாபத்தில் ஓடுகிறது என்றுதானே நாம் நினைப்போம்.

நெல்லைக்கடை (பாளையங்கோட்டை)

அது கம்பெனிதானே? அப்போதும் கணக்குத் தாக்கல் செய்யும் சட்டம் இருந்ததுதானே? இருந்தும் சரக்குக் கொடுத்தவர் தப்பினாரா? நான் சொல்வதற்கு அதுவே சாட்சி.

கணக்குப்பிள்ளை (கோவை)

நல்ல கேள்வி அண்ணாச்சி. மார்ச் 31இல் முடியும் கணக்கு, செப்டம்பர் கடைசிக்குள் ஆண்டுக்கூட்டம், அதிலிருந்து முப்பது நாளில் தாக்கல். அதாவது அக்டோபர் கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது ஏழு மாதத்துக்கு முந்தைய படம். வேகமாக விழும் கடையை அந்தப் படத்தில் பார்க்க முடியாது. மெதுவாக விழுகிற கடை தெரியும், பாக்கியின் வயது வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். பெரும்பாலான கடைகள் மெதுவாகத்தான் விழுகின்றன.

நெல்லைக்கடை (பாளையங்கோட்டை)

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரம்பு எங்கே நிற்கும் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் இன்னும் எதிர்ப்புதான். பெரிய கடைக்குத்தானே என்று விட்டால் அடுத்தது நான்தான்.

பூங்கோதை (சென்னை)

அண்ணாச்சி, லண்டன் நண்பர் சொன்ன மாதிரி சிறியவர்களுக்கு லாபப் பக்கத்தை விட்டுவிட்டு பேலன்ஸ் ஷீட் மட்டும் என்றால்?

நெல்லைக்கடை (பாளையங்கோட்டை)

பேலன்ஸ் ஷீட்டில் என் முதலீடு போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் லாபம் தெரியாதா? கட்டடக்காரர் மகன் பி.காம். படித்திருக்கிறான்.

தறிக்காரன் (சென்னிமலை)

கணக்குப்பிள்ளை சார் சொன்னபடி போய்ப் பார்த்தேன். நான் சரக்குக் கொடுக்கும் கடைகளில் ஒன்றே ஒன்றுதான் பிரைவேட் லிமிடெட். மற்றதெல்லாம் பார்ட்னர்ஷிப். 100 ரூபாய் கட்டி அந்த ஒரு கடையின் கணக்கை எடுத்தேன். பக்கத்துவீட்டுப் பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தது.

அதில் குறு, சிறு நிறுவனங்களுக்கு உள்ள பாக்கி என்ற வரியில் "இல்லை" என்று போட்டிருக்கிறது. மார்ச் 31 அன்று எனக்கே பாக்கி இருந்தது சார். நான் உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறேன். இது பொய்க்கணக்கா? யாரிடம் சொல்வது?

கணக்குப்பிள்ளை (கோவை)

அவசரப்பட்டுப் பொய் என்று சொல்ல வேண்டாம். அந்தக் குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் "நிறுவனத்துக்குக் கிடைத்த தகவலின்படி" என்று இருக்கும், பாருங்கள். நீங்கள் சிறு நிறுவனம் என்று அவர்களிடம் எழுத்தில் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் உங்கள் பாக்கி "மற்றவர்கள்" என்ற வரியில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உத்யம் எண்ணை எல்லா பில்லிலும் அச்சிடுங்கள். சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் பதிவுத்தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நெய்கிறவர், அதனால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதி உங்களுக்குப் பொருந்தும். வாங்கி விற்கும் வியாபாரி என்றால் பொருந்தாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். அந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை, தரும்வரை, செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது, வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று 2023-24 கணக்கு வருடத்திலிருந்து வந்தது. இது பார்ட்னர்ஷிப் கடைக்கும் உண்டு. கடிதம் போனால் அவர்களுடைய ஆடிட்டரே கேட்க ஆரம்பிப்பார்.

தறிக்காரன் (சென்னிமலை)

"மற்றவர்கள்" வரியில் கோடிக்கணக்கில் இருக்கிறது சார். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்ற கட்டத்திலும் இருக்கிறது.

கடிதம் அனுப்பினால் அடுத்த ஆர்டர் வருமா?

கணக்குப்பிள்ளை (கோவை)

அதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. 2024 மார்ச்சில் இந்த விதி முதல்முறை கடித்தபோது, வருடம் முடிவதற்குள் சரக்கைத் திருப்பி அனுப்பிய கடைகளும் உண்டு, பதிவை ரத்து செய்துவிட்டு வா என்று சொன்ன கடைகளும் உண்டு. நீங்கள் மட்டும் அனுப்பினால் நீங்கள் மட்டும் தெரிவீர்கள். உங்கள் ஊரில் அந்தக் கடைக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் அனுப்பப் பாருங்கள். கடித மாதிரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தறிக்காரன் (சென்னிமலை)

அனுப்புங்கள் சார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன்.